மரு

நோட்டிஸ் தெராக்ஹிர்.
பதின்மூன்று எழுத்து, பன்னிரண்டு வெள்ளி.
ஓர் எழுத்து இனாம்.
ஆபீஸ் கிராணி எண்ணிப் பார்த்துச் சிரித்தார்.
யார் கதவில் விழப்போகிறதென்று
என் உளிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

எழுத்தை இடம் வலமாய்த்தான் வெட்டுவேன்.
இருபத்திரண்டு வருஷம்.
சுங்கை பெரிங்கின் டவுனில்
கோயில் கமிட்டி, மரணச் சகாய நிதி, பன்றிக் கடை தவுக்கே
எல்லாரும் நான் திருப்பிப் போட்டதைத்தான்
நேராக வாசிக்கிறார்கள்.

வியாழன் காலை நாற்பத்து மூன்று கதவிலும் சிவப்பு மை.
முப்பது நாளில் லயத்தைக் காலி செய்.
பால் வாளியோடு நின்ற தவமலர்
யார் வெட்டியது என்று கேட்கவில்லை.
மையைத் தொட்டு முகர்ந்தாள்.
"இன்னும் காயல" என்றாள்.

அன்று ராத்திரி மேசையில்
மிச்ச ரப்பர், தீப்பெட்டி அளவு.
இவள் அப்பன் வெட்டிய மரத்தில் ஒழுகி
மங்கில் நிறைந்து, உறைந்து, கப்பலேறி,
எங்கெங்கோ சுற்றி
விலைச்சீட்டோடு என்னிடம் திரும்பியது.

பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட தடிப் புத்தகத்தில்
பிரெஞ்சுக்காரன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன்.
கல்லில் வரைந்து அச்செடுப்பானாம்.
ராஜாவின் வாய்க்குப் பலகை சாத்தி
மூட்டை மூட்டையாய்ச் சனங்களின் காசு
தொண்டைக்குள் ஏறும் படம்.
அதற்கு ஆறு மாதம் உள்ளே.
பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.
படத்தைத் தின்னவில்லை.

எனக்கேது கல்?
கித்தாவில் டத்தோவை வெட்டினேன்.
சுரைக்காய்த் தலை.
தேர்தலுக்கு வீடு வீடாய் வந்த
அஞ்சு கிலோ அரிசிப் பை வயிறு,
அதன் மேல் பதக்கம் ஒன்று.
கன்னத்து மருவுக்குத்தான் நேரம் எடுத்தது.

விடிவதற்குள் ஒவ்வொரு நோட்டீசிலும்
கையெழுத்துக்கு மேலே சுரைக்காய் சிரித்தது.
பெரட்டில் தண்டல் பெயர் கூப்பிடுகிறார்,
ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.
பிள்ளைகள் முன்னங்கையை நீட்டிக்கொண்டு
என் கடைவாசலில் வரிசை.

சார்ஜன் ஜமாலுதீன் கேட்டார்:
"பிலோமினா, இது யார்?"
சுரைக்காய், துவான்.
"டத்தோதானே?"
நீங்கள் சொல்கிறீர்கள்.
பேனா நின்றது.
சுரைக்காயை டத்தோ என்று எழுதினால்
எழுதியவர் பெயரும் கீழே வர வேண்டும்.
கிராணியைக் கேட்டார், கிராணி காற்றாடியைப் பார்த்தார்.
டத்தோவின் டிரைவர் குணாளனைக் கேட்டார்,
அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
கக்கூஸ் எந்தப் பக்கம் என்றான்.

கடைசியில் டத்தோ இனாமாய்க் கொடுத்த காலண்டரை
ஆணியிலிருந்து இறக்கி
பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
அவருக்கு மரு இடக் கன்னத்தில்.
சுரைக்காய்க்கு வலக் கன்னத்தில்.
"ஆ, இது வேற ஆள்!"
முகமெல்லாம் வெளுத்து வாங்கிய வெயில்.
எனக்குத் தேத்தாரே சொன்னார்.

"திருப்பி வெட்ட மறந்துட்டியா, நீ?"
தவமலர் மட்டும் கேட்டாள்.
நான் உளியைத் துடைத்தேன்.

லயத்தை இடித்தார்கள்.
முப்பத்தொன்றாம் நாள் காலை, மழையோடு.
சிரிப்பு ஒரு சுவரையும் தாங்கிப் பிடிக்கவில்லை.
குவித்துப் போட்ட கதவுகளில்
ஒன்றிரண்டு சுரைக்காய் ஊறி, உப்பி,
இன்னும் டத்தோவைப் போலாகியிருந்தன.

தவமலர் லுனாஸ் பக்கம் போனாள்.
கிளவுஸ் பேக்டரியில் வேலையாம்.

போன வாரம் கிராணி வந்தார்.
பழைய முத்திரையை எந்தப் பொடியனோ அடித்துப் போய்விட்டானாம்.
அதே பதின்மூன்று எழுத்து வேண்டும்,
ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கு.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.
பதினைந்து வெள்ளி என்றேன்.
குறைக்கச் சொன்னார்.
குறைக்கவில்லை.
ரப்பரை மட்டும்
கொஞ்சம் பெரிதாகவே அறுத்தேன்.